விளக்கு வைக்காத அந்தி

என் கருப்பட்டிக்கு,

இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. நீ பெரியவனான பொறவு நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் உனக்கு முகம் சுண்டிப் போகும். "காலேஜுல வேலை பாக்கிறவனைச் சந்தையில விக்கிற சாமான் பேரு சொல்லிக் கூப்பிடுதியே அம்மா" என்பாய். இப்போது முகம் சுண்ட நீ இல்லை. அதனால் கூப்பிடுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். வேதப் புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பேன், எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறும். இது ஒளித்து வைக்கிற கடிதமும் இல்லை. எழுதி முடித்ததும் உன் மாமா ஊர் ராமக்காவுக்குப் படித்துக் காட்டுவேன், உன் வாத்தியார் கேட்டால் அவரிடமும் கொடுப்பேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். பதில் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாலு நாளைக்கு முந்தி உன் காலேஜ் வாத்தியார் மதுரையிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வந்து, தெருத் தெருவாக விசாரித்து நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நீ படுத்திருந்த கட்டிலில்தான் உட்காரச் சொன்னேன், வேறு ஆசனம் ஏது நம் வீட்டில். காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு வால்வெள்ளியைப் பற்றி ஆரம்பித்தார். போன வருஷம் கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கிற சமயத்தில் வந்ததே, அதை எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் பார்த்தார்கள், அதில் என்னென்ன பொருள் இருந்தது என்று சீமையில் ஒரு பத்திரிகையில் சேர்த்துப் போடுகிறார்களாம். எல்லா வால்வெள்ளியிலும் கரி இருப்பது தெரிந்த சங்கதியாம். உப்பில் இருக்கிற சோடியம் அப்படி இல்லையாம், சூரியனை ஒட்டிக்கொண்டு போகிற சிலதில்தான் தெரியுமாம். நம் பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததாகச் சொன்னவன் நீ ஒருத்தன்தானாம். "அவன் பேரிலயே அனுப்பிடுவேன் அம்மா. அவன் பேரு அச்சுல வரும். ஒரே ஒரு சந்தேகம். ரெண்டாவது நாள் சாயங்காலம் அவன் மாமா ஊர்ல விளக்கோ அடுப்போ எரியலைதானே?" என்று கேட்டார்.

நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப, விளக்கு ஏத்துறதுக்கு முந்தியே அவன் உப்போட மஞ்சள் கோட்டைப் பார்த்துட்டானா, பிந்தித்தான் பார்த்தானா? முந்தின்னா அது வால்வெள்ளியோடது. பிந்தின்னா யாராலயும் சொல்ல முடியாது. இதை அவன் உங்ககிட்டச் சொன்னானா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து நான் வந்த பொறவு மறுபடி வருவார். அதற்குள் அவருக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முந்தியா, பிந்தியா. இம்புட்டுத்தான் கேள்வி.

உனக்கும் நெருப்புக்கும் என்னைக்குமே ஒரு வம்பு உண்டு. உங்க அப்பா அவிய பருத்தி ஜின்னிங் பாக்டரியில் பாய்லருக்கு விறகு போட்டார்கள். மத்தியானம் நான் சோறு கொண்டு போகும்போது நீ இடுப்பில் இருப்பாய். மற்ற பிள்ளைகள் அந்த வெக்கைக்கு அழும். நீ பாய்லர் வாயைப் பார்த்து விரலை நீட்டுவாய். "இவன் வேலைக்கு வந்துட்டான், நான் வீட்டுக்குப் போகட்டா?" என்று அவிய கேலி பேசுவார்கள். நடக்க ஆரம்பித்ததும் அடுப்படி உன் ஆஸ்தி ஆகிவிட்டது. கல் உப்பை அடுப்பில் போட்டு அது வெடிக்கிறதையும் தீ மஞ்சளாகிறதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். மாசத்துக்கு ஒரு படி உப்பு உன்னால் போகும். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்துக்கு வைத்திருந்த மயில்துத்தத்தை எடுத்து வந்து போட்டாய். தீ பச்சையாக எழும்பியது. அந்த அடுப்பில் இருந்த குழம்பைக் கொட்ட வேண்டியதாயிற்று. முதுகில் நாலு வைத்தேன். அழுதுகொண்டே, "பச்சையா எரிஞ்சதை நீயும் பார்த்தேல்ல?" என்று கேட்டாய். பார்த்தேன் என்றேன். அழுகை நின்று போனது. அடித்தது வலிக்கவில்லை, நான் பார்க்காமல் போயிருந்தால்தான் உனக்கு வலித்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் பார்க்கப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் கிறிஸ்துவ வேதக்காரர்கள்தான், இருந்தாலும் ஆடி மாசம் தேர் பார்க்கப் போகாத வீடு நம் தெருவில் கிடையாது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். நம் மிஷன் கோயிலில் சரவிளக்கு விழுந்து உடைந்தபோது கோயில் பணியாளர் உனக்கு ஒரு துண்டுக் கண்ணாடி கொடுத்திருந்தார், பட்டை தீட்டினது, ஊறுகாய்த் துண்டு அளவு இருக்கும். அதைத் தூங்கும்போதும் கையில் வைத்திருப்பாய். தேர் நிலைக்கு வந்த பொறவு வாணவேடிக்கை விட்டார்கள். சிவகாசியிலிருந்து வந்த மத்தாப்பு, சிவப்பும் பச்சையுமாக. ஜனமெல்லாம் வாயைப் பிளந்து பார்க்க, நீ மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடித் துண்டை மறு கண்ணில் வைத்துப் பார்த்தாய். "அம்மா, விளக்கு வெளிச்சம் வானவில்லு மாதிரி நீளமா இழுபடுது. மத்தாப்பு அப்படி இழுபடலை. துண்டு துண்டாத் தெரியுது. சிவப்புக்கு ஒரு மாதிரித் துண்டு, பச்சைக்கு வேற மாதிரி" என்று கத்தினாய். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "ஏட்டி, பிள்ளைக்குக் கண்ணுல ஏதோ கோளாறு போல இருக்கு, டாக்டர்கிட்டக் காட்டு" என்றாள். நானும் பயந்துதான் போனேன். கண்ணாடியைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். வண்டியில் வரும் வழியெல்லாம் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாய். ஊர் எல்லை வந்ததும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

உங்க அப்பா போன பொறவு அதே பாக்டரியில் பருத்தி பொறுக்கும் வேலை எனக்குக் கொடுத்தார்கள். நெஞ்செல்லாம் பஞ்சுத் தூசி. அந்தக் கூலியிலும் மிஷன் உதவியிலும் நீ படித்தாய். உனக்கு நான் சொன்ன புத்தியெல்லாம் ஒன்றே ஒன்றுதான், "கீழ பார்த்து நடடா" என்று. நீ கேட்டதே இல்லை. மேலே பார்த்து நடந்து சாக்கடையில் விழுந்து வந்த கதை எத்தனை. கடைசியில் மதுரைக் காலேஜில் பரிசோதனைச் சாலையில் பிள்ளைகளுக்குக் கருவிகளை எடுத்து வைத்துச் செய்து காட்டும் உத்தியோகம் கிடைத்தது. முதல் லீவுக்கு வந்தபோது எனக்குச் சேலை வாங்கி வரவில்லை. காலேஜில் இரவல் கேட்டு வாங்கின ஒரு பித்தளைக் குழாயைக் கொண்டு வந்தாய். ஒரு முனையில் தலைமுடி நுழைகிற அளவு கீறல். உள்ளே முக்கோணக் கண்ணாடி. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, தீயின் அடியில் இருக்கிற நீலத்துக்கு நேரே குழாயைப் பிடிக்கச் சொன்னாய். பச்சையும் நீலமுமாக மூன்று பட்டை தெரிந்தது, சேலைக் கரை மாதிரி. "இது கரியோட பட்டை. நீ சட்டிக்கு அடியில சுரண்டிப் போடுதியே, அதே கரிதான். வால்வெள்ளியைப் பிடிச்சுப் பார்த்தாலும் இதே பட்டைதான் வரும். கையால தொட முடியாத சாமானை வெளிச்சத்தை வச்சே என்னன்னு சொல்லிப்புடலாம்மா" என்றாய். அப்புறம் ஒரு சிட்டிகை உப்பை அந்தத் தீயில் தூவினாய். பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு வந்து நின்றது. நன்றாகப் பார்த்தால் அது ஒட்டி நிற்கிற ரெண்டு கோடு என்றாய். என் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஒன்றோ ரெண்டோ, அத்தனை அழகான மஞ்சளை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. சேலை வாங்கி வராத கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்தக் குழாயோடுதான் போன வருஷம் வந்தாய். வால்வெள்ளி சாயங்காலம், சூரியன் விழுந்த இடத்துக்குத் தெற்கே தள்ளி, தாழ்வாகத் தெரிகிறது, செத்த நேரத்தில் கீழே இறங்கி அடைந்துவிடுகிறது என்றாய். ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மாடியில் ஏறினாலும் மலை. "நம்ம மலை எம்புட்டு அழகுன்னு பாட்டுப் பாடுத, இப்பத்தான் தெரியுது அது ஒரு குட்டிச்சுவருன்னு" என்று திட்டினாய். பிறகு நீயே யோசித்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கிற உன் மாமா ஊருக்குப் போவோம், கிழக்கே போகப் போக மலை தணியும் என்றாய். பஸ்சில் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து வன்னியம்பட்டிப் பக்கத்து வண்டி ஒன்றில் பாதி தூரம், மீதி நடை. குழாயை நீ குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். எனக்கு உன் துணி மூட்டை.

மாமா வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரை. தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரையில் ஏறினால் தென்மேற்கே தடையில்லாத வானம், அடியில் மலை ஒரு கோடு மாதிரி. கரைக்குக் கீழே ஒரே ஒரு தெரு. மாமா வீட்டுக்கு அடுத்த வீடு ராமக்கா வீடு. தெலுங்கு பேசுகிற, காடு கழனி வைத்திருக்கிற சம்சாரி வீட்டுக்காரி, உன்னைச் சின்ன வயசிலிருந்தே அவள் பாஷையில் செல்லமாக "நாயனா" என்றுதான் கூப்பிடுவாள். ஊரெல்லாம் அந்த வால்வெள்ளியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. ராஜா போவான், பஞ்சம் வரும், மாடு சாகும் என்று ஆளுக்கு ஒன்று. நீ அதையே பார்க்க வந்திருக்கிறாய் என்று தெரிந்ததும் ராமக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏட்டி வேதக்காரி, ஊரே அதைப் பார்க்காதேன்னு கதவைச் சாத்துது. நீ பெத்த பிள்ளையைக் கொண்டு வந்து அதுக்கு நேரா நிறுத்தப் போறியா?" என்றாள். எங்களுக்கு அதெல்லாம் இல்லை ராமக்கா என்றேன். "உனக்கு இல்லைன்னா போ. கண்ணேறு வேதம் பார்த்தா வரும்?" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் சாயங்காலம் நீ கரையில் கருவியைக் கட்டி நிறுத்திக் கண்ணை வைத்தாய். மேற்கே சிவப்புக் கொஞ்சம் தணிந்ததும் அது தெரிந்தது. தலை கீழேயும் வால் மேலேயுமாக, யாரோ சுண்ணாம்பைத் தொட்டு விரலால் இழுத்த மாதிரி. நீ, "கரிப் பட்டை இருக்கு… பச்சை இருக்கு… நீலம் இருக்கு…" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். திடீரென்று ஒரு கூச்சல் போட்டாயே, கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. "உப்பு! அம்மா, உப்பு இருக்கும்மா! மஞ்சள் பளிச்சுன்னு இருக்கு!"

உனக்குப் பின்னாலிருந்து ராமக்கா சொன்னாள்: "இருக்காதா நாயனா? ரெண்டு கை நிறையல்ல போட்டேன்."

திரும்பிப் பார்த்தால், அவள் ஒரு மண்சட்டியில் நெருப்பை அள்ளி வந்து, உப்பும் மிளகாயும் உன் தலையைச் சுற்றிச் சுற்றி அதில் போட்டுக்கொண்டிருக்கிறாள். உப்பு வெடிக்கிறது, தீ மஞ்சளாக எரிகிறது, புகை காற்றில் உன்னைத் தாண்டி வால்வெள்ளிக்கு நேரே போய்க்கொண்டிருக்கிறது. நீ சட்டியைப் பார்த்தாய், குழாயைப் பார்த்தாய், ராமக்காவைப் பார்த்தாய். எங்கே அந்த அம்மாளை ஏசிவிடுவாயோ என்று நான் ரெண்டு எட்டு முன்னால் வந்தேன். நீ அப்படியே கரையில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். ராமக்காவும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். அன்றைக்கு நடந்ததை வாத்தியாருக்கு எழுதும்போதும் இதைத்தான் எழுதினாயாம், "இன்று தெரிந்த மஞ்சள் கோடு ராமக்காவுடையது, வால்வெள்ளிக்கு அதில் பங்கு இருக்கிறதா என்று நாளைக்குத்தான் தெரியும்" என்று. வாத்தியார் வந்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலையில் நீ என்னிடம் சொன்னதைக் கேட்டு எனக்குப் பகீர் என்றது. தெருவில் எந்த வீட்டிலும் அந்தி நேரத்தில் அடுப்பு எரியக் கூடாது, விளக்கு வைக்கக் கூடாது, புகை கண்மாய் மேலே படிந்து வெளிச்சத்தை வாங்கிக் குழாய்க்குள் அனுப்பிவிடும், அந்தச் செத்த நேரம் மட்டும் ஊர் இருட்டாக இருக்க வேண்டும் என்றாய். "நீ கேட்டா செய்வாங்கம்மா. நான் கேட்டா கிறுக்குப் பயன்னு சொல்லுவாங்க." விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கு வைக்காதே என்று ஒரு வீட்டுப் பெண்ணிடம் எப்படிப் போய்ச் சொல்வது? இருந்தாலும் போனேன். கிணற்றடியில் வைத்துத்தான் பேச்சை எடுத்தேன்.

"அந்தியில வீடு இருட்டாக் கெடந்தா வாரவன் போறவன் யாரு செத்தான்னு கேக்க மாட்டானா?" என்றாள் ஒருத்தி. "மகாலெச்சுமி வாசல் வரைக்கும் வந்து தட்டுத் தடுமாறித் திரும்பிப் போகணுமாக்கும்" என்றாள் இன்னொருத்தி. உன் மதினி முறைக்காரி ஒருத்தி இருந்தாளே, வாயாடி, அவள் சொன்னது: "உங்க மவன் ஆகாசத்துல போய் உப்புத் தேடுதாராமே. நம்ம செட்டியார் கடையில தீர்ந்து போச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். அப்போது ராமக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "என் உப்புத்தான் அவன் காரியத்தைக் கெடுத்துச்சாம். தெரியாம செஞ்சேன். இன்னைக்கு எல்லாரும் வெயில் இருக்கிறப்பவே பொங்கி இறக்கிருங்க. எவ வீட்டுக் கூரையில புகை வருதுன்னு நான் பாக்கேன். வந்துச்சோ, ஒரு குடம் தண்ணியை அடுப்புல ஊத்திட்டுத்தான் மறுபேச்சு" என்றாள். அவளை எதிர்த்துப் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் சும்மா விடவில்லை அவர்கள். எல்லாருக்கும் குழாயில் காட்ட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். நீ சரி என்றாய்.

அந்த மாதிரி ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததே இல்லை. சூரியன் போச்சு. ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. பெண்டுகளெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்து கிசுகிசு என்று பேசுகிறார்கள், யார் முகமும் தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் கரைக்குக் கீழே காவல் மாதிரி நின்றேன். மேலே நீ ஒரு நிழலாகத் தெரிந்தாய். வால்வெள்ளி முந்தின நாளைவிடக் கொஞ்சம் மங்கல், ஆனால் வால் நீளம்.

அப்போதுதான் ராமக்கா வீட்டுக்குள்ளே அவள் மருமகள் கத்தினாள். தலைப் பிரசவம், தை மாசம் என்று சொல்லியிருந்ததால் காலையிலிருந்து இருந்த இடுப்பு வலியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மருத்துவச்சி அதே தெருதான், இருட்டிலேயே தடவிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். "வெளிச்சத்தைக் காட்டுங்கட்டி! கண்ணு தெரியாம நான் எதைப் பிடிக்க?" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். ராமக்கா வாசலில் தீப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கொளுத்தவில்லை. சொந்த மருமகள் உள்ளே துடிக்கிறாள், இவள் குச்சியைக் கிழிக்காமல் என்னைப் பார்க்கிறாள். "ஏட்டி, நாயனாகிட்டக் கேட்டுட்டு வா. வாக்குக் கொடுத்திருக்கேன். ஓடு!" என்றாள்.

கரையில் சறுக்கிச் சறுக்கி ஏறினேன். மூச்சு வாங்கியது. "ஏலே, ராமக்கா மருமவளுக்கு வலி வந்துட்டு. விளக்கு ஏத்தணுமாம்" என்றேன். நீ குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏத்தச் சொல்லும்மா. வெந்நீருக்கும் போடச் சொல்லு" என்றாய்.

அவ்வளவுதான். அந்தக் குரலை நான் ஒன்பது பத்து மாசம் கழித்து இப்போது திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். அதில் வருத்தம் இல்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. பசிக்கிறதா என்று கேட்டால் சொல்வாயே, அந்த மாதிரிக் குரல். நான் கீழே பார்த்து ஏத்துங்க என்று கத்தினேன். ராமக்கா வீட்டில் வெளிச்சம் வந்தது. வாசலில் காய்ந்த பருத்திச் செடி மாரைக் கொளுத்தி வெந்நீர் வைத்தார்கள், அது குப்பென்று எரிந்து கரை வரைக்கும் வெளிச்சம் அடித்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுக்க விளக்கு வந்துவிட்டது. நீ வால்வெள்ளி அடைகிற வரை கண்ணை எடுக்காமல் நின்றாய். பிறகு கருவியைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாய். ராமக்கா வாசலில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. நீ கால் கழுவிக்கொண்டு அங்கே போய் நின்று, "பேத்தி பாடு கூத்தா இருக்கே ராமக்கா, நீங்க வாங்கிக் கொடுத்த இருட்டைப் பிள்ளை வந்து பிடுங்கிட்டாளே" என்றாய். அவள் உன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது கேட்டேன், "மஞ்சள் இருந்துச்சாய்யா?" என்று. "இருந்துச்சும்மா" என்றாய். சிரித்தாய். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிக் கையைக் குழித்தாய். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. முந்தியா பிந்தியா என்று ஒரு கேள்வி இருப்பதே வாத்தியார் வந்து சொன்ன பொறவுதான் எனக்குத் தெரியும். வாத்தியாரிடமும் நீ காலேஜ் மாடிப்படியில் போகிற போக்கில் சொன்னாயாம், "ரெண்டாவது நாளும் பார்த்தேன் சார், அதைப் பத்தி உங்ககிட்ட நிதானமாப் பேசணும்" என்று. அந்த நிதானம் வரவில்லை. தை பிறந்ததும் காய்ச்சல். ஒருத்தன் தோளில் சாய்த்து உன்னைப் பஸ்சில் கொண்டு வந்து இறக்கினார்கள். டைபாய்டு என்றார்கள். கடைசி நாட்களில் நீ என்னென்னவோ பேசினாய், அதில் வால்வெள்ளி ஒரு தரம்கூட வரவில்லை. மத்தாப்புப் பார்க்கப் போவோமா என்று மட்டும் கேட்டாய். போவோம் என்றேன்.

உன் மாமாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். "முந்தின்னே சொல்லிரு. யாருக்கு என்ன நட்டம்? புள்ள பேரு சீமை வரைக்கும் போகட்டும்" என்று சொல்லி அனுப்பினான். ராமக்கா தானே புறப்பட்டு வந்துவிட்டாள், பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு. அவளுக்கு உறக்கம் இல்லையாம். "முதல் நாள் என் உப்பு. மறுநாள் என் வீட்டு வெளிச்சம். நான்தான் ஏட்டி நாயனா பேரைக் கெடுத்தேன். நீ முந்தின்னு சொல்லு, பாவத்தை நான் ஏத்துக்கிடுதேன்" என்றாள். எனக்கும் ஆசை இல்லையா? உன் பேரை அச்சில் பார்க்கணும் என்று எனக்கு இருக்கிற ஆசை யாருக்கு இருக்கும்? அது எந்தப் பாஷையில் இருந்தால் என்ன, உன் பேர் எந்த எழுத்து என்று வாத்தியாரைக் காட்டச் சொல்லி, அதில் விரலை வைத்துக்கொண்டு இருப்பேன். நீ போன பொறவு தொட்டுப் பார்க்க எனக்கு வேறென்ன இருக்கு.

ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை ஐயா. கரையில் உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்பு குறுக்கே வந்து நிற்கிறது. அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு, மஞ்சள் கோடு பார்த்தேன் என்று எழுதியிருக்கலாம் நீ. சட்டி நெருப்பைப் பற்றி யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? நீ எழுதினது ராமக்கா பேரை. அப்படிப்பட்டவன் பேருக்கு முன்னால் நான் ஒரு பொய்யைக் கொண்டு வைத்தால், நாளைக்கு உன்னிடம் வந்து சேரும்போது எந்த முகத்தோடு வருவேன்? ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்தால் தெரியாது என்றுதான் சொல்லப் போகிறேன். விளக்கு எரிந்தது, அவன்தான் ஏற்றச் சொன்னான், மஞ்சள் இருந்தது என்றான், முந்தியா பிந்தியா எனக்குத் தெரியாது. இம்புட்டையும் அப்படியே எழுத முடிந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பேன்.

அதைத் தீர்மானம் செய்த பொறவும் மனசு அடங்கவில்லை. பகலில் பருத்தி பொறுக்கும்போது, முந்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். என் பிள்ளை பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டான், அதனால்தான் அவ்வளவு சாவகாசமாக ஏத்தச் சொன்னான், அவன் உழைப்பு வீண் போகவில்லை என்று நினைக்கையில் நெஞ்சு குளிர்ந்து போகிறது. ஆனால் இன்றைக்கு ராமக்கா பேத்தி, இப்போது தவழ்கிற பருவம், என் முந்தானையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். அவளைத் தூக்கி வைத்திருந்தபோது, பிந்தியாக இருந்தால் தேவலையே என்று தோன்றிவிட்டது. இன்னும் கண்ணில் படாத ஒன்றுக்காக அத்தனை தூரம் வந்து, ஊரையே இருட்டாக்கி வைத்துக் காத்துக்கொண்டிருந்தவன், யாரோ ஒருத்தி வலிக்காக ஒரு மூச்சில் அதை விட்டுக் கொடுத்தான் என்றால், அவனையும் நான்தானே பெற்றேன்? எது நடந்திருந்தாலும் எனக்குப் பெருமைதான். எந்தப் பெருமை என்னுடையது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன். சொல்லு என் கருப்பட்டி, பார்த்து முடித்த பொறவுதான் ஏத்தச் சொன்னாயா, இல்லை பார்க்காமலே ஏத்தச் சொன்னாயா?